கறுப்புச் சதுரத்துக்குள் சண்டை போடுவது யார்?

கசிமிர் மாலெவிச் என்ற பெயரை நம்மூர்ச் சிறுபத்திரிகைக்காரர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நவீன ஓவியம், அரூப ஓவியம் என்று பேச்செடுத்தால் எங்கெங்கோ சுற்றி அந்தக் 'கறுப்புச் சதுர'த்தில் வந்து நின்று கும்பிடு போட்டுவிட்டுத்தான் பேச்சு முடியும். எண்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான சதுரக் கான்வாஸ். ஓரத்தில் வெள்ளை, நடுவில் கறுப்பு. அவ்வளவுதான் படம். இதிலே மனுசன் இல்லை, மரம் இல்லை, கதை இல்லை, சாதி இல்லை, மதம் இல்லை, இது கலையின் சுத்த நிலை என்று நமக்குப் பாடம் எடுத்தவர்கள் எத்தனை பேர்! 'உங்க எழுத்தும் என்றைக்கு இந்த நிலைக்கு வருதோ அன்றைக்குத்தான் அது இலக்கியம்' என்று கூடவே ஒரு அட்வைசும் கிடைக்கும்.

அந்தச் சுத்தத்தைக் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நான் சுரண்டவில்லை, மாஸ்கோவிலேயே சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். அங்கே தெரிந்தது என்ன என்பதை நம் பக்கத்தில் பேசவேண்டும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய வீடுகளில் சாமி மூலை ஒன்று உண்டு. இரண்டு சுவர் சேருகிற மூலையில், உயரத்தில், ஏசு, மரியாள் படங்களை வைத்திருப்பார்கள். வீட்டுக்குள் வருகிறவர் முதலில் அந்த மூலையைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொள்வார். 1915 டிசம்பரில் பெத்ரோகிராத் நகரத்தில் '0,10' என்று பெயர் வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. மாலெவிச் 39 படங்கள் கொண்டுவந்தார். கறுப்புச் சதுரத்தை மட்டும் மற்றப் படங்களோடு சேர்த்து மாட்டாமல், கூரைக்குக் கீழே, மூலையில், சாமி இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார். பெனுவா என்கிற பெரிய விமர்சகருக்கு வயிறு எரிந்தது. மாதா படம் இருக்க வேண்டிய இடத்தில் இதை வைக்கிறானே என்று எழுதினார். அந்த ஒரு காரியத்துக்காகவே மாலெவிச்சை எனக்குப் பிடிக்கும். சாமி மூலையில் கை வைக்கிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் முதலில் நம் ஆள்தான்.

படத்தோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்தது. கியூபிசத்திலிருந்து சுப்ரமாட்டிசத்துக்கு என்று தலைப்பு. அடுத்த வருசம், 1916இல், அதையே பெரிதாக்கி மறுபடி அச்சிட்டார். இதுதான் அந்தப் பிரகடனம். வெளியே முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது, இவர் இங்கே ஓவியத்தின் மேல் போர் தொடுக்கிறார். இயற்கையைப் பார்த்து நகலெடுக்கிறது அடிமை வேலை, அகாடமிகள் குப்பைமேடு, உருவங்களையெல்லாம் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், சுழியத்தையும் தாண்டிவிட்டேன், இந்தச் சதுரம் இப்போதுதான் பிறந்த ராசகுழந்தை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். பொய் சொல்லமாட்டேன், படிக்கும்போது ரத்தம் சூடாகிற எழுத்து அது. நூறு வருசத்துப் பழசு என்று தோன்றாது.

இப்படியே நூறு வருசம் ஓடியது. 2015 நவம்பரில், அந்தப் படத்தை வைத்திருக்கும் மாஸ்கோ திரெத்யாகோவ் அருங்காட்சியகத்து ஆய்வாளர்கள் எக்ஸ்ரேயும் நுண்ணோக்கியும் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு செய்தி சொன்னார்கள். கறுப்புக்கு அடியில் ஒன்றல்ல, இரண்டு வேறு படங்கள் இருக்கின்றன. அதைவிட முக்கியமானது, வெள்ளை ஓரத்தில் கையால் எழுதிய சில ரஷ்யச் சொற்கள். சில எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை. கிடைத்ததை வைத்து அவர்கள் வாசித்தது இது: இருட்டுக் குகையில் நீக்ரோக்களின் சண்டை.

இது என்ன பேத்தல் என்று கேட்காதீர்கள். இதற்கு ஒரு வம்சாவளி இருக்கிறது.

1882இல் பாரிசில் வேடிக்கைக்காரக் கலைஞர் கும்பல் ஒன்று கண்காட்சி வைத்தது. அதில் பால் பிலோ என்கிற எழுத்தாளர் முழுக்கக் கறுப்பாக ஒரு படம் மாட்டினார். சுரங்கத்துக்குள் நீக்ரோக்கள் சண்டை போடுகிறார்கள் என்பது தலைப்பு. பார்க்கிறவன் சிரிக்கவேண்டும். ஏன் சிரிக்கவேண்டும்? ஆளும் கறுப்பு, இருட்டும் கறுப்பு, ஒண்ணும் தெரியலையே! அவ்வளவுதான் ஜோக். 1897இல் அல்ஃபோன்ஸ் அலே என்கிற நகைச்சுவை எழுத்தாளர் இதை எடுத்து ஏப்ரல் முட்டாள் ஆல்பம் ஒன்று அச்சிட்டார். பக்கத்துக்கு ஒரு நிறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்கல் தலைப்பு. கறுப்புப் பக்கத்துக்கு நிலவறையில் ராத்திரி நேரத்தில் நீக்ரோக்களின் சண்டை. வெள்ளைப் பக்கத்துக்கு என்ன தலைப்பு தெரியுமா? பனி கொட்டுகிற நாளில் ரத்தசோகை பிடித்த சிறுமிகளின் முதல் நற்கருணை. இரண்டிலும் கண்ணுக்கு எதுவும் தெரியப்போவதில்லை. தெரியாத வெள்ளைக்குள் இருப்பவர்கள் கோயிலில் முழங்கால் போட்டிருக்கிறார்கள். தெரியாத கறுப்புக்குள் இருப்பவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். நிறம் வெறும் நிறம்தான் என்று பாடம் எடுப்பவர்கள் இந்த இரண்டு பக்கத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுக்கட்டும்.

அந்த வருசங்களைப் பாருங்கள். 1884-85இல் அய்ரோப்பிய ராச்சியங்கள் பெர்லினில் உட்கார்ந்து ஆப்பிரிக்காவைப் பங்கு போட விதிமுறை வகுத்தார்கள். அலேயின் ஆல்பம் வந்த அதே 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் நகரத்தை எரித்து, அரண்மனையிலிருந்த வெண்கலச் சிற்பங்களை அள்ளிக்கொண்டு போனது. அந்தச் சிற்பங்களைச் செய்த கைகளின் சொந்தக்காரர்கள்தான் பாரிசில் நிலவறைக்குள் சண்டை போடுகிற ஜோக்காகிறார்கள்.

இந்த ஜோக்கு எனக்குப் புதுசில்லை. நமக்கு யாருக்குமே புதுசில்லை. பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு, 'டேய், நீ மட்டும் பல்லைக் காட்டுடா, இல்லன்னா போட்டோவுல தெரியமாட்ட' என்று சொல்லாத வாத்தியார் உண்டா? ஹாஸ்டலில் கரண்ட் போனால் வருகிற முதல் கமென்ட் எது? தமிழ் சினிமாவில் எத்தனை காமெடி இந்த ஒரே சரக்கை வைத்து ஓடியிருக்கிறது? பிலோவையும் அலேயையும் நம் வாத்தியார்கள் படித்திருக்கமாட்டார்கள். படிக்காமலே அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். சாதிக்கும் நிறவெறிக்கும் பாடநூல் தேவைப்படுவதில்லை.

சரி, 2015க்குப் பிறகு கலை அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? மூன்று விதமாகச் சமாளித்தார்கள்.

முதல் சமாளிப்பு, அது மாலெவிச்சின் கையெழுத்தே இல்லை, பின்னால் வேறு யாரோ கிறுக்கியது என்பது. இப்படிச் சொல்கிற ஆய்வாளர்களில் மாலெவிச்சைப் பற்றிக் காலம் முழுக்க எழுதியவர்களும் இருக்கிறார்கள், அதனால் இதைத் தள்ளிவிட முடியாது. இருக்கட்டும். அந்தக் கையெழுத்தை அவருடையதில்லை என்றே வைத்துக்கொள்வோம். பிரகடனம் அவருடையதுதானே? அதை மறுபடி எடுத்துப் படியுங்கள். இயற்கையைப் பார்த்து நகலெடுக்கிற பழக்கத்தை முதலில் தொடங்கியவன் யார் என்று அதில் ஒரு விளக்கம் வருகிறது. காட்டுமிராண்டியாம். அவன் புள்ளியும் குச்சியும் வைத்து மனுச உருவம் வரைந்தானே, அங்கே ஆரம்பித்த தப்பாம். அதற்கப்புறம் வந்த கலை முழுவதும் அவன் போட்ட பாதையிலேயே போய்விட்டதாம், இப்போது மாலெவிச் வந்துதான் மீட்டிருக்கிறாராம். கான்வாஸ் ஓரத்தில் யார் கிறுக்கினாலும் சரி, 'காட்டுமிராண்டி' என்ற படிக்கட்டின் மேல் ஏறி நின்றுதான் இந்தச் சுழியம் பேசுகிறது. அந்தக் காட்டுமிராண்டி யார் என்று மாலெவிச் பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, கேட்டவர்களுக்குத் தெரியும்.

இயக்கத்தின் பேரையும் பாருங்களேன். சுப்ரமாட்டிசம். மேலானது, உச்சத்தில் இருப்பது, மேலாதிக்கம் செலுத்துவது என்ற பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. நிறமும் உணர்வும் பொருள்களுக்கு மேலே நிற்கும் என்கிற அர்த்தத்தில்தான் அவர் வைத்தார், இனத்தைச் சொல்லவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் விடுதலையைப் பற்றி எழுதும்போது ஒருவனுக்கு முதலில் வாயில் வருகிற சொல் 'மேலே' என்று இருந்தால் நான் நின்று பார்ப்பேன். மேலே கீழே என்ற சொல்லுக்குள் இரண்டாயிரம் வருசமாகக் குடியிருக்கிறவன் நான்.

இரண்டாவது சமாளிப்புதான் எல்லோருக்கும் பிடித்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் பேசினாங்க. பாரதி, உ.வே.சா. பற்றி நாம் கேள்வி கேட்டாலும் இதே பதில்தான் வரும். எல்லாரும் என்றால் யார் யார்? அதே பெத்ரோகிராத் நகரத்தில், அதே கலைஞர் வட்டத்தில் வோல்தெமார்ஸ் மாத்வெய்ஸ் என்று ஒரு லாத்வியக்காரர் இருந்தார். ரஷ்யாவில் விளாதிமிர் மார்க்கோவ் என்ற பெயரில் எழுதினார். அவரும் புதுக்கலைக்காரர்தான், அவரும் அறிக்கை எழுதுகிறவர்தான். ஆனால் அவர் அய்ரோப்பிய அருங்காட்சியகங்களுக்கெல்லாம் போய், அங்கே இனவியல் பிரிவின் கண்ணாடிப் பெட்டிகளில் கிடந்த ஆப்பிரிக்கச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார். வினோதப் பொருளாகப் பார்க்கவில்லை. இந்தச் சிற்பி கனத்தை எப்படிக் கையாளுகிறான், கண் இருக்க வேண்டிய இடத்தில் சோழியை வைத்து எப்படிக் கண்ணாக்குகிறான் என்று வேலை தெரிந்தவன் வேலை தெரிந்தவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து ஒரு புத்தகம் எழுதினார். 1914இல் அவர் செத்துப்போனார். புத்தகம் 1919இல்தான் அச்சாகி வந்தது. கறுப்புச் சதுரம் மூலையேறுவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்ட புத்தகம். ஆக, அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படிப் பேசவில்லை. வேறு மாதிரிப் பேசியவனும் அதே தெருவில் இருந்தான். மாலெவிச்சின் பேர் தெரிந்த நூறு பேரில் மாத்வெய்ஸ் பேர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சமாளிப்புக்குத்தான் நான் வரவேண்டும். ஏனென்றால் அதுதான் நம் ஊர் வரைக்கும் வந்து நம் கழுத்தைப் பிடிக்கிறது. ஜோக்கு எங்கேயிருந்து வந்தால் என்ன, கலைஞன் அதைத் தாண்டிவிட்டான், கறுப்பு என்பது இப்போது வெறும் கறுப்பு, அதற்குள் மனுசனைத் தேடாதே என்பார்கள்.

இந்தச் சண்டை ஒருமுறை நேருக்கு நேராகவே நடந்தது. மாலெவிச்சின் நேரடி வாரிசு என்று சொல்லத்தக்கவர் அமெரிக்க ஓவியர் ஆட் ரெய்ன்ஹார்ட். 1960லிருந்து சாகிற வரைக்கும் ஐந்தடிக்கு ஐந்தடிச் சதுரத்தில் கறுப்புப் படங்களாகவே வரைந்தார். கலை என்றால் கலை மட்டும்தான், வேறெதுவும் அதற்குள் வரக்கூடாது என்று சட்டமே எழுதியவர். 1967இல் ஒரு கனடாக் கலைப் பத்திரிகை 'கறுப்பு' என்ற பொருளில் சிறப்பிதழ் போட்டது. அதற்காக டொரான்டோவிலும் நியூயார்க்கிலும் இருந்தவர்களைத் தொலைபேசியில் இணைத்து ஒரு உரையாடல். ரெய்ன்ஹார்ட் பேசினார். கறுப்பு என்றால் நிறமின்மை, வெறுமை, அதன் மேல் அர்த்தத்தையெல்லாம் ஏற்றாதீர்கள் என்கிற வாதம். மறுபக்கத்தில் செசில் டெய்லர் இருந்தார். பியானோ கலைஞர், கறுப்பர். வடிவத்தை உடைப்பதில் ரெய்ன்ஹார்ட்டுக்குச் சளைத்தவர் இல்லை, அவருடைய இசையைக் கேட்டு எழுந்து ஓடியவர்கள் உண்டு. அவருக்குக் கறுப்பு என்பது மக்கள், தெரு, வாழ்க்கை, வரலாறு. ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காத மாதிரியே அந்த உரையாடல் போகிறது. அதே மாதக் கடைசியில் ரெய்ன்ஹார்ட் இறந்தும் போனார். நியூயார்க்கில் நேரிலேயே கூட இருந்து பேசிய ஒரு கறுப்பு மனிதனிடம், கறுப்பு என்பது ஒன்றுமின்மை என்று கடைசிவரை சொல்ல முடிந்திருக்கிறது பாருங்கள். அதுதான் சுத்தக் கலையின் பலம்.

சுத்தம். மாலெவிச்சின் எழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற சொல் இதுதான். சுத்த நிறம், சுத்த உணர்வு. 1918இல் வெள்ளை மேல் வெள்ளையாக ஒரு சதுரம் வரைந்தார். 1920இல் வீத்தெப்ஸ்க் நகரத்தில் சீடர்களோடு இருந்தபோது மூன்று சதுரத்துக்கும் விளக்கம் எழுதினார். கறுப்புக்குச் சிக்கனம், சிவப்புக்குப் புரட்சி, வெள்ளைக்குச் சுத்தச் செயல். பாரிஸ் ஆல்பத்தின் வெள்ளைப் பக்கமும் கறுப்புப் பக்கமும் எனக்கு இங்கே மறுபடி கண்ணில் படுகின்றன. வேண்டுமென்று செய்தார் என்று சொல்லவரவில்லை. வேண்டாமலே கை போகிற இடம் ஒன்று இருக்கிறது அல்லவா, அதைத்தான் சொல்கிறேன்.

எங்கம்மா இருபத்தாறு வருசம் நகராட்சியில் தெருக் கூட்டியவர். ஊரைச் சுத்தம் பண்ணினவர் அவர். அந்த ஊரில் அவருக்குத் தண்ணி கொடுத்தவர்கள் செம்பைக் கையில் கொடுக்காமல் உயரத் தூக்கி ஊற்றினார்கள், ஏனென்றால் அவர் அசுத்தம். சுத்தம் பண்ணுகிறவர் அசுத்தமாகவும், சுத்தமே பண்ணாதவன் சுத்தமாகவும் இருக்கிற நாட்டில் பிறந்தவனிடம் வந்து 'சுத்தக் கலை' என்று சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். துடைத்துப்போட்ட குப்பை எங்கே? யார் அள்ளினது? கறுப்புச் சதுரத்துக்கு அடியில் இரண்டு படம் கிடக்கிறது. அந்தக் கறுப்பு வெடிவெடியாக விரிந்திருப்பதை இன்றைக்கும் வெறும் கண்ணால் பார்க்கலாம், விரிசலுக்குள்ளேயிருந்து அடியிலிருக்கிற நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. எதையும் சுத்தமாகத் துடைத்துவிட முடியவில்லை, மேலே பூசி மூடத்தான் முடிந்தது.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது இலக்கியக் கொள்கை நடத்திய பேராசிரியர் ஒருவர், தலித் எழுத்தைப் பற்றிக் கேட்டதற்கு, 'உங்க ஆளுங்க எழுதுறதுல கோபம் இருக்குப்பா, கலை இல்ல. அனுபவத்தைக் கொட்டுனா போதுமா, அதைச் சுத்திகரிக்கணும்' என்றார். சுத்திகரிப்பு என்ற சொல் எவ்வளவு சாதாரணமாக வந்தது பாருங்கள். அனுபவத்திலிருந்து சாதியைக் கழி, தெருவைக் கழி, நாற்றத்தைக் கழி, பேச்சுமொழியைக் கழி. மிச்சம் இருப்பதுதான் கலை. கழித்த பிறகு மிச்சமிருப்பது யாருடைய முகம்? அது ஏன் எப்போதும் கழிக்கச் சொல்கிறவரின் முகத்தைப் போலவே இருக்கிறது?

இதுவரை படித்துவிட்டு முற்போக்குத் தோழர்கள் சிலர் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார்கள். நாங்க அப்பவே சொன்னோமே, அரூபம் எல்லாம் முதலாளித்துவ நசிவு, யதார்த்தவாதம்தான் மக்கள் கலை என்று. தோழர்களே, உங்கள் கணக்கும் பாக்கி இருக்கிறது.

1930இல் மாலெவிச்சைக் கைது செய்து செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை உள்ளே வைத்து விசாரித்தது யார்? 1927இல் அவர் வார்சாவுக்கும் பெர்லினுக்கும் படங்களோடு போய் வந்ததற்காகச் சந்தேகப்பட்டது யார்? 1935 மே மாதம் லெனின்கிராத்தில் அவர் புற்றுநோயில் செத்த பிறகு பல பத்தாண்டுகள் கறுப்புச் சதுரத்தைக் கிடங்குக்குள் போட்டு வைத்தது யார்? எல்லாம் மக்கள் பெயரால்தான் நடந்தது. அந்த யதார்த்தவாத ஓவியங்களில் உழவர்கள் கன்னம் புடைக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கதிர் சாய்ந்த வயல், கொழுத்த மாடு, பந்தியில் நிறையச் சாப்பாடு. வெளியே 1932-33இல் உக்ரைன் கிராமங்களில் லட்சக்கணக்கான உழவர்கள் பட்டினியில் விழுந்து செத்தார்கள்.

அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் மாலெவிச் மறுபடி மனித உருவத்துக்கு வந்தார். அவர் வரைந்த உழவர்களுக்கு முகம் இல்லை. வெற்று முட்டை மாதிரி ஒரு வட்டம். கண், மூக்கு, வாய் ஒன்றும் கிடையாது. சிலருக்குக் கையும் இல்லை. பின்னால் பட்டை பட்டையாக நிறம் தீட்டிய வயல், அதன் முன்னால் விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பிரகடனத்தில் முகத்தைத் துரத்தியவர் கடைசியில் முகம் பிடுங்கப்பட்டவர்களை வரைந்திருக்கிறார். என்னைக் கேட்டால், 1915 சதுரத்தைவிட இந்தப் படங்கள்தான் பெரிய படங்கள். இவற்றைப் பார்க்கும்போது சுழியம் என்கிற சொல்லுக்கு வேறு அர்த்தம் வருகிறது. வாய் இல்லாதவனுக்குப் பசி எங்கே தெரியும்?

அவர் உழவர்களை எட்டி நின்று பார்த்தவரும் இல்லை. 1879இல் கீவில் பிறந்தவர், போலிஷ் குடும்பம். அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, ஆலை மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறும். ஆலையைச் சுற்றி பீட்ரூட் பயிரிடும் உக்ரைன் கிராமங்கள். அந்தக் கிராமத்துப் பெண்கள் களிமண் பூசித் தரை மெழுகுவதையும், அடுப்பில் பூவும் கோழியும் வரைவதையும் கூட நின்று பார்த்து, கூட மெழுகித்தான் தனக்கு ஓவியம் வந்தது என்று அவரே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்கிறார். அந்தப் பெண்களுக்குப் பிரகடனத்தில் ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம். காட்டுமிராண்டிக்கு இடம் இருந்தது, அடுப்பு மெழுகியவளுக்கு இல்லை.

எனவே இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒருவன் முகத்தைத் துடைத்துவிட்டுச் சுத்தம் என்கிறான். இன்னொருவன் முகத்தில் சிரிப்பை ஒட்டிவிட்டு யதார்த்தம் என்கிறான். நம் எழுத்தைப் பார்த்து ஒருவன் கலை இல்லை என்றதும் இன்னொருவன் வர்க்கப் பார்வை இல்லை என்றதும் ஒரே பத்தாண்டில்தான். இருவரில் யாருக்கும் நாம் சொல்லுவதைக் கேட்க நேரம் இருந்ததில்லை.

நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை. இந்தச் செய்தியைப் போன மாதம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, ஒரு தம்பி எழுந்து, 'அண்ணே, அப்ப அந்தப் படத்தைத் தூக்கிக் குப்பையில போடவேண்டியதுதானே' என்றான். கோபம் நியாயம், முடிவு தப்பு. குப்பையில் போட்டால் அதை எடுத்துத் துடைத்து ஏலம் விடுவதற்கு ஆள் தயாராக இருக்கிறான். மாலெவிச்சின் இன்னொரு சுப்ரமாட்டிசப் படம் 2018இல் நியூயார்க்கில் எட்டரைக் கோடி டாலருக்கு மேல் போனது. உலகத்துக் குப்பையையெல்லாம் அள்ளியது போதும், இதையும் நாம் ஏன் அள்ளவேண்டும்? அந்தச் சதுரம் அங்கேயே சுவரில் தொங்கட்டும். அந்த விரலளவுக் கிறுக்கலின் கதையைச் சொல்லாமல், அது மாலெவிச் எழுதியதா இல்லையா என்கிற சண்டையையும் சேர்த்துச் சொல்லாமல், இனி எவனும் அதன் முன்னால் நின்று சுத்தம் என்று வாய் திறக்கக்கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது. அந்தத் தம்பி எங்கள் அமைப்பில் சுவரெழுத்து எழுதுகிறவன். கறுப்பு பெயிண்ட் டப்பாவோடு ராத்திரி முழுக்கத் தெருவில் நிற்கிறவன். அரூபமாக ஒன்று வரைந்தால் நம்ம சனம் ஏத்துக்குமா என்று அதற்கப்புறம் தனியாக வந்து கேட்டான். வரைடா என்றேன். சதுரம் ஒன்றும் அவங்க அப்பன் வீட்டுச் சொத்து இல்லை.

அவனுக்குக் காட்டுவதற்கு ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். கெரி ஜேம்ஸ் மார்ஷல் என்கிற அமெரிக்கக் கறுப்பு ஓவியர் 1980இல் வரைந்தது. பெரிய படம் இல்லை, நோட்டுப்புத்தகத் தாள் அளவு கூட வராது. பின்னணி கறுப்பு, முன்னால் இருக்கிற ஆளும் கறுப்பு, போட்டிருக்கிற கோட்டும் தொப்பியும் கறுப்பு. முதலில் பார்த்தால் கண்ணின் வெள்ளையும், சட்டையின் வெள்ளையும், ஈயென்று இளிக்கிற பல்லும்தான் தெரியும். அதிலும் முன்பல் ஒன்று இல்லை. பிலோவின் ஜோக்கு, அலேயின் ஜோக்கு, நம்ம குரூப் போட்டோ வாத்தியாரின் ஜோக்கு எல்லாம் அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் கறுப்புக்குள் கறுப்பு பிரிய ஆரம்பிக்கிறது. தோள் தெரிகிறது, தொப்பியின் விளிம்பு தெரிகிறது, கன்னம் எங்கே முடிகிறது என்று தெரிகிறது. ஓவியர் தன் உருவமாகவே வரைந்துகொண்ட படம் அது. அவன் உன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்.